தூரம், ஆழம், மாதம், தொன்: கொழும்புக் கடலின் நான்கு அளவுகள்

காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடையைக் கையில் வைத்துக்கொண்டு மேற்கே பார்ப்பவருக்குத் தெரிவது ஒரே கடல். சட்டத்துக்கு அது ஒரே கடல் அல்ல. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் கரையோர வலயத்துக்கு எல்லை போட்டிருக்கிறது: சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், சராசரி தாழ்நீர் மட்டத்திலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றர். தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள் அந்த இரண்டு கிலோமீற்றரைத் தாண்டியவை. அங்கே கடலடியில் கிடக்கும் மணலைத் தோண்ட அனுமதி தருவது சுரங்கப் பணியகம். மீன் கடற்றொழில் திணைக்களத்தின் பொறுப்பு. எண்ணெய் கசிந்தால் கடல் சூழல் பாதுகாப்பு அதிகார சபை வரவேண்டும். துறைமுகத்துக்குள் கப்பல் எங்கே கட்டுவது என்பதைத் துறைமுக அதிபர் சொல்வார். நகரத்தின் மலக்கழிவு கடலுக்குள் போகும் குழாய்க்கு மாநகர சபை. தண்ணீருக்கு இந்தப் பிரிவெல்லாம் தெரியாது. சோளகம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, அடித்தால் எல்லாம் ஒன்றாகக் கரைக்கு வந்து சேரும்.

கடலைப் பயன்படுத்துவதற்கும் காப்பதற்கும் இடையில் "சமநிலை" வேண்டும் என்பது மேடைகளில் அடிக்கடி கேட்கும் சொல். நடைமுறையில் அந்தச் சமநிலையை முடிவு செய்வது ஓர் உரிமப் பத்திரத்தில் யாரோ எழுதும் நான்கு எண்கள்தான்: கரையிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை மீற்றர் ஆழம், எந்த மாதம், எத்தனை தொன். இந்த நான்கில் ஒன்று பிழைத்தால், இலாபம் ஒருவருக்கும் செலவு வேறொருவருக்குமாகப் பிரிந்துவிடுகிறது. கொழும்பைச் சுற்றியுள்ள கடலில் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நடந்தவற்றை இந்த அளவுகோலால் பார்த்தால் பல விடயங்கள் தெளியும்.

மணலில் தொடங்குவோம்

கொழும்புத் துறைமுக நகரத்தின் வேலை 2014 செப்டெம்பரில் தொடங்கியது. 2015இல் நிறுத்தப்பட்டு 2016இல் திரும்பத் தொடங்கி, 2019 தொடக்கத்தில் நிலம் நிரப்பும் பணி முடிந்தது. கடலில் எழுந்த நிலம் 269 ஹெக்டெயர். அதற்குப் போன மணல் ஏறக்குறைய 65 மில்லியன் கன மீற்றர். ஒன்றை மற்றதால் வகுத்துப் பாருங்கள்: சதுர மீற்றருக்குச் சராசரியாக 24 மீற்றர் உயர மணல், அதாவது ஏழெட்டு மாடிக் கட்டடத்தின் உயரம். இவ்வளவும் கொழும்புக்கு வடக்கே, நீர்கொழும்புப் பக்கத்துக் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டது.

மணல் எடுக்கும் கப்பல் பார்ப்பதற்குச் சாதாரணச் சரக்குக் கப்பல் போலத்தான் இருக்கும். பக்கவாட்டில் ஒரு பெரிய குழாயை இறக்கி, அதன் நுனியிலுள்ள தலையைக் கடலடியில் இழுத்துக்கொண்டு மெதுவாகப் போகும். உறிஞ்சுவது மணலும் தண்ணீரும் கலந்த குழம்பு. கப்பலின் வயிற்றுக்குள் மணல் அடியில் படிய, மேலே நிற்கும் தண்ணீர் வழிந்து கடலுக்கே திரும்பும். தொந்தரவு அங்கேதான் தொடங்குகிறது. வழிவது வெறுந்தண்ணீர் அல்ல, நுண்ணிய சேற்றுத்தூள் கலந்த கலங்கல். அது நீரோட்டத்தோடு நகர்ந்து பாறைத் திட்டுகளில் படிகிறது. பாறையில் ஒட்டி வளர்வன மூச்சுத்திணறுகின்றன, அவற்றை நம்பியிருக்கும் மீன் இடம் மாறுகிறது. மணலுக்குள் புதைந்து வாழும் புழு, சிப்பி, சிறு இறால் எல்லாம் உறிஞ்சும் தலையோடே போய்விடும்.

இரண்டாவது பாதிப்பு உடனே தெரியாது. தென்மேற்குக் கரையில் அலைகள் மணலை ஆண்டு முழுவதற்குமான கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகின்றன. களனி கங்கை கொண்டுவந்து போடும் மணலும் அந்த ஓட்டத்தில் சேர்ந்துதான் முகத்துவாரத்துக்கு வடக்கே, திக்கோவிட்ட, உஸ்வெட்டகெய்யாவ, நீர்கொழும்பு வரையுள்ள கடற்கரையைப் போஷித்து வந்தது. ஆற்றுக்குள்ளேயே பல தசாப்தங்களாக மணல் அள்ளியதில் அந்த வரவு குறைந்துவிட்டது. ஏற்கெனவே மெலிந்த கரையின் முன்னால் கடலடியிலும் குழி தோண்டினால் என்ன ஆகும் என்பது, குழியின் ஆழத்தையும் அது இருக்கும் இடத்தையும் பொறுத்தது. அலை கடலடியைத் தொட்டு மணலைப் புரட்டும் ஆழத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் தோண்டினால் கரையின் மணல் நேரடியாகக் குழிக்குள் இறங்கும். எல்லைக்கு வெளியே தோண்டினால் அந்த ஆபத்து குறைவு. ஆனாலும் பெரிய குழி அலையின் திசையைத் திருப்பி, கரையில் ஓரிடத்தில் அடியைக் கூட்டும். "கரையிலிருந்து இத்தனை கிலோமீற்றர்" என்று மட்டும் எழுதிய நிபந்தனை போதாது என்று கடலியல் படித்தவர்கள் சொல்வது இதனால்தான். தூரத்தோடு ஆழமும் எழுதப்பட வேண்டும், குழியின் ஆகக்கூடிய ஆழமும் எழுதப்பட வேண்டும்.

நீர்கொழும்புக் கடற்றொழிலாளர் 2016இல் இதற்கு எதிராகப் போராடினார்கள். பிறகு திட்ட நிறுவனத்தின் பக்கத்திலிருந்து கடற்றொழிலாளர் வாழ்வாதாரத்துக்கு 500 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. தொகை பெரிதா சிறிதா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். இழப்பு எவ்வளவு என்று அளக்க, தோண்டுவதற்கு முந்திய மீன்பிடியின் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு யாரிடம் இருந்தது? இந்தக் கேள்வி பின்னால் இன்னும் பெரிதாகத் திரும்பி வரும்.

மாதம் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கல்கிசை கிட்டத்திலேயே இருக்கிறது. 2020 ஏப்ரலில் கடலடி மணலை அங்கே கரையில் இறைத்தார்கள். சோளகம் எழுவதற்குச் சில வாரங்களே இருந்தன. கொட்டிய மணலில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் போனது. அது கரைக்கு அப்பால் ஆழமற்ற நீரில் திட்டாகக் கிடந்து அலையை உடைக்கிறது என்ற பொறியியல் விளக்கத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் புதிதாகக் கொட்டிய மணல் கரையின் இயற்கைச் சரிவைப் பெற அமைதியான சில மாதங்கள் வேண்டும் என்பது எந்தக் கரையோரப் பொறியியலாளருக்கும் தெரிந்ததே. வேலையை நவம்பர், டிசெம்பரில் தொடங்கியிருந்தால் அதே பணத்துக்கு அதிக நாள் மணல் நின்றிருக்கும்.

கப்பல்

கொழும்புத் துறைமுகம் ஆண்டொன்றுக்கு ஏழு மில்லியனுக்கு மேற்பட்ட இருபதடிக் கொள்கலன் அலகுகளைக் கையாள்கிறது. அதில் பெரும்பங்கு இலங்கைக்கு வரும் சரக்கு அல்ல. பெரிய கப்பலிலிருந்து இறக்கி, சிறிய கப்பலில் ஏற்றி, இந்தியாவுக்கோ வங்காளதேசத்துக்கோ போகும் சரக்கு. நாட்டுக்குக் கிடைப்பது கையாளும் கூலி. பெட்டிக்குள் இருப்பது என்ன என்பதில் நமக்கு ஆதாயமும் இல்லை, தெரிவும் இல்லை. வெடித்தால் மட்டும் கரை நம்முடையது.

எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் நடந்தது இதுதான். சிங்கப்பூர்க் கொடியேற்றிய, கட்டி முடித்துச் சில மாதங்களேயான புத்தம்புதுக் கப்பல். 1,486 கொள்கலன்கள், அவற்றில் 81 ஆபத்தான சரக்கு. 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. அதில் ஒரு பெட்டி வழியிலேயே கசியத் தொடங்கியிருந்தது. கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் அந்தப் பெட்டியை இறக்கக் கேட்டும் நடக்கவில்லை. கப்பல் கொழும்புக்கு வெளியே வந்து நங்கூரமிட்டது. 2021 மே 20இல் தீ. 25இல் வெடிப்பு, மாலுமிகள் 25 பேரும் வெளியேற்றம். ஜூன் 2இல் ஆழ்கடலுக்கு இழுக்க முயன்றபோது பின்பகுதி 21 மீற்றர் ஆழத்தில் தரைதட்டியது.

நைத்திரிக் அமிலம் தானாக எரியாது. ஆனால் அது பலத்த ஒட்சியேற்றி. மரம், துணி, பிளாஸ்டிக், எண்ணெய் எதோடு சேர்ந்தாலும் சூட்டைக் கிளப்பி அதைப் பற்றவைக்கும். இரும்பையும் அரிக்கும். கொள்கலன் அடுக்கின் நடுவில் தொடங்கும் தீயை வெளியிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அணைப்பது, பூட்டிய அலுமாரிக்குள் எரியும் துணியைக் கதவில் தண்ணீர் ஊற்றி அணைப்பது போலத்தான். ஊற்றும் தண்ணீர் கப்பலின் வயிற்றில் தேங்கி அதைத் தாழ்த்தவும் செய்யும். அதுவும் மே மாதக் கடைசி, காற்றுப் பலமான நேரம்.

அதிகம் பேசப்பட்டது அமிலம். அதிகம் மிஞ்சியது பிளாஸ்டிக் மணி. ஏறக்குறைய 1,680 தொன். எந்தப் பிளாஸ்டிக் பொருளுக்கும் மூலப்பொருள் இந்தப் பயறளவு மணிதான். ஒரு மணியின் எடை சுமார் 20 மில்லிகிராம் என்று வைத்தால் ஒரு தொன்னில் 5 கோடி மணிகள். 1,680 தொன்னில் 8,400 கோடி. சரக்குவ, பமுனுகம, நீர்கொழும்புக் கரைகளில் வெண்பனி போல முழங்கால் புதையக் கிடந்தது.

அதை எடுப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு இறங்கிக் கெடுதல் செய்வது இதில் மிக எளிது. மணி உயர்நீர்க் கோட்டில் ஒரு பட்டையாக ஒதுங்கும். முதல் சில நாட்களில் மேற்பரப்பிலேயே இருக்கும். அப்போது தட்டையான வாரியாலும் தூரிகையாலும் எடுத்துவிடலாம். அடுத்த பெரிய அலையில் மணலுக்கடியில் போய்விடும். பிறகு சல்லடை. ஐந்து மில்லிமீற்றர்க் கண் சருகையும் சிப்பியையும் பிடித்து மணியைக் கீழே விடும், இரண்டு மில்லிமீற்றர்க் கண் மணியைப் பிடித்து மணலை விடும். இன்னும் சுலபமான வழி ஒரு வாளி கடல்நீர். பொலித்தீன் வகை மணியின் அடர்த்தி 0.92 முதல் 0.96 வரை, கடல்நீர் 1.025, மணல் 2.65. வாளியில் போட்டுக் கலக்கினால் மணி மிதக்கும், மணல் அமரும். வடியில் அரித்தெடுத்தால் போதும்.

இயந்திரம் இறக்கினால் என்ன பிழைக்கும்? சக்கரம் மணியை அரை மீற்றர் ஆழத்துக்கு அழுத்திவிடும். மணலோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போனால், மேலே சொன்ன மெலிந்த கரை இன்னும் மெலியும். ஆமை முட்டையிடும் மேட்டில் வாரி போட்டால் கூடு கலையும். அடம்பன் கொடி படர்ந்த இடத்தில் மணி கொடியின் வேர்களுக்குள் சிக்கிக் கிடக்கும். கொடியைப் பிடுங்கினால் மணி கிடைக்கும், மறு சோளகத்துக்கு மணல் மேடு கிடைக்காது. அங்கே கையால் பொறுக்குவதைத் தவிர வழியில்லை.

இத்தனைக்கும் அகப்படாதது எரிந்த பகுதி. தீயில் உருகிக் கருகிய மணி, கல் போன்ற கட்டியிலிருந்து மாத்தூள் வரை எல்லா அளவிலும் உடையும். சல்லடையின் எந்தக் கண்ணுக்கும் பொருந்தாது. நிறமும் கல்லோடு கலந்துவிடும். சுத்தமான மணியைவிட அதில் இரசாயனம் பல மடங்கு சிக்கலானது. பொறுக்கும் தொண்டர்கள் வெறுங்கையால் தொடக்கூடாது என்றதும் இதனால்தான்.

இழப்பீட்டுக் கணக்கு

பாணந்துறை முதல் நீர்கொழும்பு வரை மீன்பிடி தடைசெய்யப்பட்டது. பேலியகொடைச் சந்தையில் மீன் வாங்க ஆட்கள் பயந்தார்கள். நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து கரையொதுங்கின. இதற்கெல்லாம் கப்பல் உரிமையாளர் எவ்வளவு கொடுக்க வேண்டும்? இலண்டன் கடல்சார் நீதிமன்றம் வகுத்த உச்ச வரம்பு ஏறக்குறைய 19 மில்லியன் பவுண். இலங்கை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் விதித்தது ஒரு பில்லியன் அமெரிக்க டொலர். இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய நாற்பது மடங்கு இடைவெளி. இது எங்கிருந்து வந்தது என்பதை விளங்கிக்கொள்ளாமல் பேசினால் ஆத்திரம் மட்டும்தான் மிஞ்சும்.

கடல்சார் கோரிக்கைகளுக்கான பொறுப்பை வரையறுக்கும் சர்வதேச சமவாயம் ஒன்று உண்டு. அதன் 1996ஆம் ஆண்டு நெறிமுறை, 2015 முதல் உயர்த்தப்பட்ட தொகைகளோடு நடைமுறையில் இருக்கிறது. அது சேதத்தைப் பார்ப்பதில்லை, கப்பலின் மொத்தத் தொன் அளவைப் பார்க்கிறது. அலகு, பல நாணயங்களை வைத்து மதிப்பிடப்படும் சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு நாணயமான சிறப்பு எடுப்பனவு உரிமை. உயிரிழப்பும் காயமும் அல்லாத கோரிக்கைகளுக்கு முதல் 2,000 தொன்னுக்கு 1.51 மில்லியன் அலகு. 2,001 முதல் 30,000 வரை தொன்னுக்கு 604. அதற்கு மேல் 70,000 வரை தொன்னுக்கு 453. எக்ஸ்பிரஸ் பேர்ள் சுமார் 31,600 தொன். 1.51 மில்லியனோடு 28,000 தொன்னுக்கு 16.91 மில்லியன், மிச்சம் 1,600 தொன்னுக்கு 0.72 மில்லியன். கூட்டினால் 19.14 மில்லியன் அலகு. பிளாஸ்டிக் மணி ஏற்றியிருந்தாலும் தேங்காய் ஏற்றியிருந்தாலும் இந்தத் தொகை மாறாது.

மசகு எண்ணெய்க்கு நிலைமை வேறு. 2020 செப்டெம்பரில் நியூ டயமண்ட் கப்பல் 270,000 தொன் மசகு எண்ணெயோடு கிழக்குக் கடலில் எரிந்தபோது, நல்ல காலம், சரக்குத் தாங்கிகள் பிழைத்தன. அது கசிந்திருந்தால் எண்ணெய் மாசு இழப்பீட்டுக்கான 1992ஆம் ஆண்டு சர்வதேச நிதியத்தின் வழியாக 203 மில்லியன் அலகு வரை கேட்டிருக்கலாம். எண்ணெய் வாங்கும் நிறுவனங்கள் உலகெங்கும் கட்டும் பங்கிலிருந்து அந்த நிதியம் நடக்கிறது. கொள்கலனில் வரும் இரசாயனத்துக்கு இதேமாதிரி ஒரு சமவாயம் எழுதப்பட்டிருந்தாலும் 2021இல் அது நடைமுறையில் இல்லை. நடைமுறையில் இருந்திருந்தாலும் மணிக்கு உதவியிராது. ஆபத்தான சரக்குகளின் சர்வதேசப் பட்டியலில் பிளாஸ்டிக் மணி இல்லை. அது மாவு, சீனி போலச் சாதாரணச் சரக்கு. 2024இல் சர்வதேச கடல்சார் அமைப்பு வெளியிட்ட பரிந்துரை, மணியை உறுதியான பொதியில் கட்டும்படியும், சரக்கு விபரத்தில் தெளிவாகக் குறிப்பிடும்படியும், கூடுமானவரை தளத்துக்குக் கீழேயோ ஓரத்தை விட்டு உள்ளேயோ அடுக்கும்படியும் சொல்கிறது. கட்டாயம் அல்ல.

ஆக, ஒரு பில்லியன் என்ற தீர்ப்பை வெளிநாட்டில் அமுல்படுத்துவது தனிப் போராட்டம். அடுத்த கப்பலுக்குக் கொழும்பு முன்கூட்டியே செய்யக்கூடியவை வேறு. ஒன்று, புகலிடம். கசியும் பெட்டியோடு வரும் கப்பலைத் துரத்துவது ஒரு துறைமுகத்துக்குப் புத்திசாலித்தனம், கடலுக்கு அல்ல. துரத்தப்பட்ட கப்பல் அடுத்தவர் வாசலில்தான் எரியும். காற்று மறைவும் நங்கூரம் பிடிக்கும் அடியும் உள்ள, மீன்பிடித் தளத்தையும் களப்பு வாயையும் விட்டு விலகிய ஓரிடத்தை, சோளகத்துக்கு ஒன்றும் வாடைக்கு ஒன்றுமாக, சாதாரண நாளிலேயே வரைபடத்தில் குறித்துவைக்க வேண்டும். கப்பல் எரியும் இரவில் குறிக்க முடியாது. இரண்டாவது, காசு. கையாளும் ஒவ்வொரு கொள்கலன் அலகுக்கும் ஒரு டொலர் அறவிட்டால் ஆண்டுக்கு ஏழு மில்லியன் டொலர். போட்டித் துறைமுகங்களுக்கு வாடிக்கை போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் ஒரு டொலருக்காகப் பாதையை மாற்றும் கப்பல் கம்பனி இருக்குமா என்பது சந்தேகம்.

திமிங்கிலமும் சூரையும்

தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே, கண்ட மேடை சரிந்து இறங்கும் விளிம்பில் நீலத் திமிங்கிலங்கள் இரை தேடுகின்றன. உலகின் நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று அதே விளிம்பின் மேலாகப் போகிறது. பாதையை ஏறக்குறைய 15 கடல் மைல் தெற்கே நகர்த்தினால் மோதும் ஆபத்து 95 வீதம் குறையும் என்று ஆய்வுகள் கணக்கிட்டன. எம்எஸ்சி என்ற பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனம் 2022 நடுப்பகுதியிலிருந்து தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே அனுப்புகிறது. நாள்கணக்கில் ஓடும் கப்பலுக்கு அது பெரிய சுற்று அல்ல. இங்கே தயக்கம் வேறு: கப்பல் கரையை விட்டு விலகிப் போனால் காலியிலும் அம்பாந்தோட்டையிலும் எரிபொருள், மாலுமி மாற்றம், உணவுப்பொருள் வியாபாரம் குறையுமோ என்று. ஆனால் எரிபொருள் எடுக்கத் தீர்மானித்த கப்பல் எங்கிருந்தாலும் திரும்பி வரும், வராத கப்பல் கரையோரமாகப் போனாலும் நிற்காது. நான்கு அளவுகளில் ஒன்றை, தூரத்தை மட்டும், மாற்றிக் கிட்டத்தட்ட முழுப் பலனும் பெறக்கூடிய இடம் இதைப்போல இன்னொன்று கிடைப்பது அரிது.

மீன்பிடியில் இதைவிட விலை கொடுத்துக் கற்ற பாடம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் மஞ்சள் அட்டை காட்டி எச்சரித்தது. 2014 ஒக்டோபரில் இறக்குமதித் தடையை அறிவித்தது. 2015 ஜனவரியிலிருந்து இலங்கை மீன் ஐரோப்பாவுக்குப் போகவில்லை. நமது பலநாள் படகுகள் ஆழ்கடலில் எங்கே, எதைப் பிடிக்கின்றன என்று அரசால் காட்ட முடியவில்லை என்பது முக்கியக் குற்றச்சாட்டு. பிறகு 1,500க்கு மேற்பட்ட படகுகளில் செய்மதி வழி இடங்காட்டும் கருவி பொருத்தப்பட்டது, பதிவேடும் பிடிச் சான்றிதழும் கட்டாயமாயின, 2016 ஜூனில் தடை நீங்கியது. இன்று முகத்துவாரத்திலோ நீர்கொழும்பிலோ இறங்கும் மஞ்சள்துடுப்புச் சூரைக்கு அந்தக் கருவியின் பதிவு கடவுச்சீட்டு மாதிரி.

கருவி வேலை செய்யாத காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. மின்கலம் இறங்கும், உப்புப் படிந்த இணைப்பு விடும், அன்டெனாவின் மேல் வலையைக் குவித்துவிடுவார்கள். வேண்டுமென்றே அணைப்பதும் உண்டு, அயல்நாட்டுக் கடலுக்குள் நுழையும்போது. கொழும்பில் கண்காணிப்பு அறையில் இருப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி, திரையில் ஒரு புள்ளி இல்லை. வித்தியாசம் கண்டுபிடிக்க முந்திய பயணங்களைப் பார்க்க வேண்டும்: ஒரே கடல் எல்லைக்குக் கிட்டத்தில் ஒரே படகின் மின்கலம் மூன்று முறை இறங்குமானால் அது மின்கலத்தின் குற்றம் அல்ல.

அதிக மீன் பிடிக்காமலே அதிகம் சம்பாதிக்கும் வழி ஐஸ் பெட்டிக்குள் இருக்கிறது என்பதும் சொல்லப்பட வேண்டியது. சூரை இனத்தில் சூடு ஏற ஏற, உண்பவருக்கு ஒவ்வாமை போன்ற நஞ்சூட்டலைத் தரும் ஹிஸ்டமின் உருவாகும். ஐரோப்பியச் சந்தையில் ஒன்பது மாதிரிகளில் எதுவும் கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, 100க்கும் 200க்கும் இடையில் இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது. ஒருமுறை உருவான ஹிஸ்டமின் பிறகு ஐஸ் வைத்தாலும் சமைத்தாலும் போகாது. பிடித்தவுடன் இரத்தம் வடித்து, குடலெடுத்து, மீனுக்குச் சம எடை ஐஸில் வைத்த மீன் ஏற்றுமதிக்குப் போகும். தளத்தில் வெயிலில் இரண்டு மணிநேரம் கிடந்தது உள்ளூர்ச் சந்தைக்கும் கருவாட்டுக்கும். கடலிலிருந்து எடுத்தது ஒரே கிலோ, கையில் வருவது பாதி.

வடக்கில் இழுவை மடியால் கடலடி வறண்டுபோவதைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகளில் எழுதாத வாரம் இல்லை. 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இலங்கைக் கடலில் அந்த முறையை முற்றாகத் தடைசெய்தது என்பதை நினைவூட்டுவதோடு இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

வெள்ளவத்தைக் குழாய்

நகரத்தின் சொந்தக் கழிவைப் பற்றிப் பேசாமல் கப்பலை மட்டும் திட்டுவது நேர்மை அல்ல. கொழும்பின் மலக்கழிவுநீர் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் உள்ள இரண்டு நீண்ட குழாய்கள் வழியாகக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் கடலில் விடப்பட்டு வந்திருக்கிறது. கடல் கலைத்துவிடும் என்பதுதான் அதன் பொறியியல். மலக்கிருமிகளைப் பொறுத்தவரை அது பெருமளவு சரி. உப்பும் வெயிலும் அவற்றைக் கொல்லும். சலவைத்தூள், எண்ணெய், பிளாஸ்டிக் இழை, உலோகம் ஆகியவற்றுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. கழிவுநீர் நியமங்களே கடலை அகன்ற வயிறு என்று எண்ணி எழுதப்பட்டவை: ஆற்றில் விடும் கைத்தொழில் கழிவுநீரின் உயிரியல் ஒட்சிசன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஒட்சிசன்) லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, கரையோரக் கடலில் 100 வரை விடலாம். குழாயைவிட மோசம் குழாய்க்குள் போகாதது. வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் மழை பெய்த மறுநாள் எதைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டுகின்றன என்பதை ரயில் பாதையோரம் நடப்பவர்கள் மூக்காலேயே அறிவார்கள்.

இந்தக் கழிவு கடற்கரையில் கப்பல் குற்றத்தை மறைக்கவும் செய்கிறது. கப்பலின் அடித்தளத்தில் சேரும் எண்ணெய்த் தண்ணீரைப் பத்து இலட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இல்லாதவாறு பிரித்த பிறகே வெளியேற்றலாம் என்பது, கப்பல்களால் வரும் மாசைத் தடுக்கும் மார்போல் சமவாயத்தின் விதி. இரவில் பிரிக்காமலே விடுபவர்கள் உண்டு. அது தார் உருண்டையாகக் கரைக்கு வரும். எந்தக் கப்பலினது என்று நிரூபிக்க, சந்தேகக் கப்பலின் தாங்கி மாதிரியையும் கரையில் எடுத்த மாதிரியையும் ஒப்பிட வேண்டும். அதற்கு அந்தக் கரையில் முன்பே என்னென்ன இருந்தது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

மணல் விவகாரத்தில் எழுந்த கேள்வி இங்கே திரும்பி வருகிறது. எந்த இழப்பீட்டு வழக்கிலும் எதிர்த்தரப்பின் முதல் கேள்வி ஒன்றுதான்: இதற்கு முன் எப்படி இருந்தது? சோளகக் காலத்தில் ஆமை ஒதுங்குவது வழக்கந்தானே, சாதாரண ஆண்டில் எத்தனை? இந்தப் படகு தீக்கு முந்திய மே மாதத்தில் எவ்வளவு பிடித்தது? பதிவுப் புத்தகமுள்ள படகுக்காரருக்கு ஏதோ பதில் இருக்கும். கரைவலை இழுக்கும் கூலிக்கும், கருவாடு போடும் பெண்ணுக்கும், சைக்கிளில் மீன் விற்பவருக்கும் பெயர் எழுதிய கடதாசியே இருக்காது. மட்டக்குளியிலுள்ள, நீர்வள ஆராய்ச்சிக்கான அரச நிறுவனமான நாரா போன்ற ஒன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே இடங்களில் நீரும் அடிச்சேறும் மீனும் எடுத்துச் சோதித்து, முடிவுகளை ஆண்டுதோறும் வெளியிட்டால் பாதி வேலை முடியும்.

மீதிப் பாதி சங்கங்களால் ஆகக்கூடியது. முகத்துவாரத்திலிருந்து போகும் ஒருநாள் படகுக்கு எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். திகதி, வெளிக்கிட்ட நேரமும் கரைசேர்ந்த நேரமும், வலையின் கண்ணளவு, எத்தனை பாக (ஒரு பாகம் ஆறடி) ஆழத் தண்ணீரில் போட்டது, இனம் பிரித்துக் கிலோ, விற்ற விலை, யாருக்கு. மீனை வாங்கிய முதலாளியின் துண்டை அதே பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும், இரண்டாவது கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். கிழமைக்கு ஒருமுறை சங்கச் செயலாளர் திகதி போட்டு ஒப்பமிட்டுக் கைபேசியில் படமெடுத்து வைக்கட்டும், கொப்பி நனைந்தாலும் படம் இருக்கும். ஒன்றும் படாமல் திரும்பிய நாளையும் எழுத வேண்டும். பெரும்பாலானவர்கள் நல்ல பிடி விழுந்த நாளை மட்டும் எழுதுவார்கள். அப்படி எழுதிய கொப்பியின் சராசரி நம்ப முடியாத உயரத்தில் நிற்கும், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைப் பத்து நிமிடத்தில் கிழித்துவிடுவார்.